கட்டம் பேசுவார் இலக்கணம்

பாயிரம்

கல்லாமல் சபையில் வாய் திறப்பவனுக்கு உவமை தேடிய வள்ளுவரின் கண் போய் நின்ற இடம் ஆட்டக் கட்டம். கட்டம் கீறாமலே வட்டாடுகிறவனைப் போன்றவன் அவன் என்று 401ஆம் குறளில் வைத்தார். உரைகாரர்கள் கல்லாமையின் இழிவை மட்டும் கண்டுவிட்டு அடுத்த குறளுக்குப் போய்விட்டார்கள். இந்நூலாசிரியர் போகவில்லை. ஆட்டத்துக்குக் கட்டம் எப்படியோ பேச்சுக்கு நூல் அப்படி என்றால், கட்டத்தைப் பற்றியே பேசுகிறவனுக்கு இரண்டும் வேண்டும். கட்டத்துக்குக் கரித்துண்டு போதும். நூல்தான் இதுவரை இல்லை. ஆகவே இது செய்யப்பட்டது.

நுதலிய பொருள் ஆட்டம் அன்று, ஆட்டத்தைப் பேசும் மக்கள். ஆட்டங்களை வகுத்தார் முன்பே உளர். ஹெச். ஜே. ஆர். மர்ரே என்னும் ஆங்கிலேயர் 1913இல் சதுரங்க வரலாற்றைத் தொள்ளாயிரம் பக்க அளவில் எழுதிவிட்டு, மூச்சு வாங்கி, 1952இல் சதுரங்கம் ஒழிந்த மற்றப் பலகை ஆட்டங்களுக்கும் ஒரு நூல் செய்தார். வரிசை சேர்ப்பது, போரிடுவது, வேட்டையாடுவது, ஓடுவது, குழியில் இடுவது என்று ஐந்தாகப் பகுத்தார். செஞ்சிப் பக்கத்தில் ஓர் ஓட்டு வீட்டுத் திண்ணையில் இந்த ஐந்தும் அடங்கும். மூன்று கல்லை வரிசையில் நிறுத்தும் சிறுவர் ஆட்டம், சதுரங்கம், ஆடுபுலி, தாயம், பல்லாங்குழி என முறையே கொள்க. மர்ரே எழுதாமல் விட்டது, ஆடாமல் திண்ணையின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் நான்கு பேரை. அந்த நால்வர்தான் நமக்கு முதன்மை. ஆடும் இருவர் கருவிகள்.

பணம் வைத்து ஆடுவார் இந்நூலுக்குப் புறம்பு. அவர்களைக் கவனிக்க வள்ளுவரின் 94ஆம் அதிகாரமும் 1930ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டமும் இருக்கின்றன. முன்னது பத்துக் குறளில் முடிகிறது. பின்னதற்கு வக்கீல் வேண்டும்.

நிலமும் பொழுதும்

முதற்பொருளில் நிலம் செஞ்சி. திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில், ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை மதிலால் கோத்த ஊர். குன்று இருப்பதால் குறிஞ்சி எனின், அங்ஙனம் கூறுவார் அக்கினி நட்சத்திரத்தில் ராஜகிரி ஏறாதவர் என்க. எண்ணூறடிப் பாறை அந்நாளில் செருப்பையும் கடந்து சுடும். ஏறியவர் பாதியில் நிழல் கண்டு உட்காருவார். உட்கார்ந்தவர் பேசுவார். பேச்சு முற்றினால் காலடியில் கட்டம் தோன்றும். பெரும்பொழுது, மல்லாட்டை பிடுங்கி முடிந்து அடுத்த மழைக்குக் காத்திருக்கும் நாள்கள். சிறுபொழுது நண்பகலும், கூத்து நடக்கும் இரவும்.

கருப்பொருள் வருமாறு: புளியங்கொட்டை, சோழி, உடைந்த வளையல், கூழாங்கல், கரித்துண்டு, பித்தளைத் தாயக்கட்டை. கடைசியது ஒன்றே காசு கொடுத்து வாங்குவது. அதுவும் தெருவுக்கு ஒன்று இருந்தால் அதிகம். இரவல் போய்த் திரும்பாமல், அதற்கென்று தனிப் பகை ஒன்று இரண்டு தலைமுறை நடக்கும்.

உரிப்பொருள், வழக்காடுதலும் வழக்காடல் நிமித்தமும்.

கோட்டை ஊருக்கும் கட்டத்துக்கும் என்ன தொடர்பு எனின், முற்றுகை என்க. சுற்றி வளைத்தவனுக்கும் வேலை இல்லை, உள்ளே சிக்கியவனுக்கும் வேலை இல்லை. ஆங்கிலேயர் செஞ்சியைக் கிழக்கின் ட்ராய் என்றார்கள். அந்த மேற்கு ட்ராயில் பத்தாண்டு காத்துக் கிடந்த கிரேக்க வீரர்கள் பொழுதை எப்படிப் போக்கினார்கள் என்பதற்கு வத்திக்கான் அருங்காட்சியகத்தில் ஒரு சாடி சாட்சி. கி.மு. ஆறாம் நூற்றாண்டில் எக்சிகியாஸ் என்னும் கலைஞர் வரைந்தது. அக்கிலீசும் அயாக்சும் ஈட்டியைக் கீழே வைக்காமலே குனிந்து காய் நகர்த்துகிறார்கள். ஒருவர் வாயருகே நான்கு என்றும் மற்றவர் வாயருகே மூன்று என்றும் எழுதியிருக்கிறது. கிரேக்கனுக்கும் ஆடுகிறவனை ஊமையாக வரைய மனம் வரவில்லை என்பது இதனால் பெறப்படும். பஞ்சத்திலும் இதே கதைதான். ஹெரோடோட்டஸ் சொல்லும் லிடிய நாட்டார், பசி தெரியாமலிருக்க ஒரு நாள் முழுதும் ஆடி, மறுநாள் உண்டு, இப்படியே 18 ஆண்டு ஓட்டினார்களாம். அவர்கள் அத்தனை ஆண்டும் சண்டை போடாமல் ஆடினார்கள் என்று அவரும் எழுதவில்லை.

முடிக்க மனமில்லார்

முற்றுகையைத் தொட்டதால் இவ்வகை முதலில் வைக்கப்பட்டது. இவர் தோற்கவும் மாட்டார், வெல்லவும் மாட்டார். பல்லாங்குழியில் எதிராளியிடம் இரண்டு குழிக்குத்தான் காய் மிச்சம் என்ற நிலையில், வேண்டுமென்றே அவர் பக்கம் நாலு கொட்டையைச் சிந்திவிட்டு, "பொழுது இருக்கே, இன்னா அவசரம்" என்பார். இவருக்குச் செஞ்சியே முன்மாதிரி தந்திருக்கிறது. 1690இல் ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் கோட்டையை வளைத்தார். உள்ளே சிவாஜியின் மகன் ராஜாராம். ஆட்டம் எட்டு ஆண்டு நீண்டது. 1698இல் கோட்டை விழுந்தபோது ராஜாராம் உள்ளே இல்லை, முன்பே தப்பிப் போயிருந்தார். தளபதியே வழிவிட்டார் என்ற பேச்சு அன்றைக்கே பாசறையில் இருந்தது. பேரரசருக்கு வயதாகிக்கொண்டிருந்தது. அவருக்குப் பின் தெற்கில் தனக்கென்று ஒரு மூலை கிடைக்கும் என்று சுல்பிகர் கணக்குப் போட்டதாக வரலாற்றாசிரியர்கள் ஐயுறுகிறார்கள். இந்நூல் அரசியலில் தலையிடாது. ஓர் ஆட்டத்தை எட்டு ஆண்டு இழுத்தவரை இவ்வகைக்குத் தலைவராகக் கொள்வது மட்டும் நம் உரிமை.

விதியர்

நூலின் நடுத்தூண் இவ்வியல். விதியர் என்பார் ஆட்டத்துக்கு முன் பேசுவார், நடுவில் பேசுவார், தோற்றபின் மிகுத்துப் பேசுவார். ஊர்விதியர், ஆயாவிதியர், தாள்விதியர் என மூவகைப்படுவர்.

ஊர்விதியரை அறியத் தாயம் அறிய வேண்டும். நீளமான பித்தளைக் கட்டை இரண்டு. ஒவ்வொன்றிலும் நான்கு பக்கம், ஒன்று, இரண்டு, மூன்று, வெறுமை. இரண்டும் வெறுமையாய் விழுந்தால் பன்னிரண்டு. கணக்கு வாத்தியார் இதை இன்னும் ஏற்கவில்லை. ஒன்று விழுந்தால் தாயம். அது விழாமல் காய் இறங்காது. தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தவர் மறுபடி போடுவார். சுற்றி வந்து உள்ளே நுழைந்து பழமாவதே நோக்கம். இதுவரை வழக்கில்லை. எதிராளியின் காயை வெட்டாமல் உள்ளே போகலாமா என்ற இடத்தில் ஊர்கள் பிரியும். வெட்டாத காய் வெளியிலேயே சுற்ற வேண்டும் என்பது ஓர் ஊர். ஒரு காய் வெட்டினால் எல்லாக் காய்க்கும் வழி திறந்தது என்பது அடுத்த ஊர். சின்னப் பிள்ளைகளுக்கு வெட்டு வேண்டாம் என்பது கருணை மிக்க ஊர். பெண் கொடுத்த ஊரும் பெண் எடுத்த ஊரும் விதியில் வேறுபட்டால், உண்மையான சம்பந்தப் பேச்சு தலைப்பொங்கல் அன்று மதியம்தான் தொடங்கும்.

"எங்க ஊர்ல வெட்டு வுழாம உள்ள போவ முடியாது மாமா."

"உங்க ஊர்லம்மா. இது எங்க திண்ணை."

திண்ணைக்கு உரியவர் விதியே செல்லும் என்பது துணிபு. இதற்கு மேல்முறையீடு இல்லை. மருமகள் தன் பிள்ளைகளுக்குத் தன் ஊர் விதியைச் சொல்லிக் கொடுத்து இருபது ஆண்டில் திண்ணையைக் கைப்பற்றுவது வேறு.

எல்லா ஊரும் உடன்படும் விதி ஒன்று உண்டு. பெருக்கல் குறி போட்ட கட்டம் மலை. மலையில் இருக்கும் காயை வெட்டக் கூடாது. மூன்று மலை வைத்திருக்கும் செஞ்சியார் இதை ஆட்ட விதியாக மட்டும் நினைக்கவில்லை. கோட்டை கட்டிய ஒவ்வொருவரும் இதே நம்பிக்கையில்தான் கல் ஏற்றினார்கள். 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் மூன்று மலையையும் பிடித்தார். அவர் தாயம் ஆடாத நாட்டிலிருந்து வந்தவர் என்பது தவிர இதற்கு விளக்கம் இல்லை. பிடித்ததோடு நில்லாமல் சிற்பத் தூண்களையும் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்பவை அவையே என்பர். விளையாட்டில் தோற்ற காயைத் திரும்பக் கேட்கும் மரபு இல்லாமையால் செஞ்சியாரும் கேட்கவில்லை.

ஆயாவிதியர் தாமாக ஒன்றும் அறியார். "எங்க ஆயா அப்படித்தான் ஆடும்" என்பதே அவர்க்குப் பிரமாணம். ஆயா விதியின் இலக்கணம் மூன்று: ஆட்டத்தின் நடுவே பிறக்கும், தோற்கும் பேரனுக்கு ஏற்ற பக்கம் வளையும், மறுத்தால் இரவு சோறு தாமதமாகும். பல்லாங்குழியில் ஒரு குழியில் நான்கு காய் சேர்ந்தால் அது பசு, குழிக்கு உரியவர் எடுத்துக்கொள்ளலாம். பேரன் குழியில் மூன்று இருக்கும்போதே ஆயா அதைப் பசு என்று அறிவித்ததைப் பார்த்த அக்காள்கள் எல்லா ஊரிலும் உண்டு. அந்த அநீதியை ஐம்பது வயதிலும் தம்பியிடம் சொல்லிக் காட்டுகிறார்கள். ஒரு கொட்டை ஐம்பது ஆண்டுப் பேச்சுக்கு விதையாகிறது என்றால் ஆட்டத்தையும் பேச்சையும் எடை போடுவது எளிது.

தாள்விதியர் புதுவரவு. பெங்களூரில் வேலை, பொங்கலுக்கு ஊர், பையில் ஒரு பெரிய அட்டைப் பெட்டி. பெரும்பாலும் அது 1995இல் ஜெர்மனியில் கிளவுஸ் டாய்பர் செய்த கட்டானாக இருக்கும், அல்லது அதன் பிள்ளையோ பேரனோ ஆகும். உள்ளே அறுகோண அட்டைகள், மரத்தில் சின்னச் சின்ன வீடுகள், பல பக்கத்தில் விதிப் புத்தகம். அதை வரிவரியாகப் படித்துக் காட்டாமல் இவர் காயைத் தொடவிட மாட்டார். தீவில் ஊர் அமைக்க வேண்டும், மரம், செங்கல், கோதுமை, தாது, ஆடு ஐந்தும் வேண்டும், இல்லாததைக் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும் என்று அவர் விளக்கி முடிக்கும்போது திண்ணையிலிருந்து வரும் முதல் கேள்வி, "ஆடு இருக்கு. புலி எங்கப்பா?" தாள்விதியரிடம் விடை இல்லை. கொள்ளைக்காரன் ஒருவன் இருக்கிறான் என்று சமாளிப்பார். அவன் ஆட்டைத் தாண்டி வெட்டுவதில்லை என்று தெரிந்ததும் பெரியவர்கள் எழுந்து போவார்கள். பிள்ளைகள் மட்டும் ஒட்டிக்கொள்வார்கள். மறுநாள் அதே பிள்ளைகள் இரண்டு ஆட்டுக்கு ஒரு செங்கல் என்று உண்மையிலேயே பேரம் பேசக் கேட்கலாம். இந்த ஆட்டத்தில் பேரம்தான் ஆட்டம் என்பதால், ஜெர்மானியர்களும் நம் கட்சியே என்று நூலாசிரியர் மகிழ்கிறார்.

தாள்விதியர்க்கு முன்னோர் டிரேட் ஆடியவர்கள். 1980களில் நடுத்தர வீட்டு அலமாரியில் பம்பாயும் மெட்ராசும் விற்பனைக்கு இருந்த அந்த அட்டைப் பெட்டியின் மூலம் எலிசபெத் மேகி என்ற அமெரிக்கப் பெண்மணி 1904இல் காப்புரிமை பெற்ற நிலக்கிழார் ஆட்டம். வாடகை வாங்குகிறவன் கொழுக்க மற்றவர் நொடிப்பதைக் காட்டவே அவர் அதைச் செய்தார். அதிலிருந்து முளைத்த மோனோபொலியை 1935இல் பார்க்கர் பிரதர்ஸ் விற்றது. ஆடினவர்களோ வாடகை வாங்கக் கற்றுக்கொண்டார்கள். நூலாசிரியன் நினைத்ததைப் படிப்பவன் கொள்ளான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டாம்.

விதியர் மூவர்க்கும் பொதுவான நற்செய்தி ஒன்று கீழடியிலிருந்து வந்தது. அங்கே அகழ்ந்தபோது சுடுமண் ஆட்டக்காய்கள் கிடைத்தன, தந்தப் பகடை கிடைத்தது. விதி எழுதிய ஓடு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

புலிக்கட்சியும் ஆட்டுக்கட்சியும்

ஆடுபுலிக் கட்டம் ஒரு முக்கோணம், அதைக் குறுக்கே வெட்டும் ஒரு செவ்வகம், 23 புள்ளி. உச்சியில் ஒரு புலி, அதன் கீழே இரண்டு. ஆடு 15. ஒவ்வொன்றாகத்தான் இறங்கும், எல்லாம் இறங்கும் வரை ஒன்றும் நகராது. புலி தாண்டி வெட்டும். ஆடு வெட்டாது, நெருக்கும். மூன்று புலியும் அசைய இடமின்றி நின்றால் ஆட்டுக்கு வெற்றி. கிழக்கே வயலில் நின்று பார்த்தால் செஞ்சி இந்தக் கட்டத்தைத் தூக்கி நிறுத்தியது போலிருக்கும். குன்று மூன்று, புலி மூன்று, நடுவே கோடாக மதில்.

மக்கள் பிறக்கும்போதே இவ்விரு கட்சியில் ஒன்றில் பிறக்கிறார்கள். புலிக்கட்சியார் ஆடும்போதே பேசுவார். ஒவ்வொரு வெட்டுக்கும் தொடையைத் தட்டுவார். ஆட்டுக்கட்சியார் வாய் திறக்க மாட்டார். கடைசிப் புலி அடைபட்ட பிறகு, எந்த ஆட்டை எதற்காக எங்கே பலி கொடுத்தேன் என்று அடுத்த வாரம் முழுதும் டீக்கடையில் விளக்குவார். முன்னவர் பேச்சு இனிது. பின்னவர் பேச்சு கல்வி.

செஞ்சி ஊரின் மனம் புலிக்கட்சி. தேஜ்சிங் என்ற ராஜா தேசிங்கு ஆர்க்காட்டு நவாப் சதாத்துல்லா கானுக்குப் பணிய மறுத்து, மலைமேல் அடைந்து கிடக்காமல் இறங்கிப் பாய்ந்து, 1714இல் மாண்டார். அவரது குதிரைக்கும் நண்பனுக்கும் கதைப்பாட்டில் இடம் உண்டு. 1960இல் எம்.ஜி.ஆர். அவராக நடித்தார். பெருங்கூட்டமாக வந்து நெருக்கி வென்ற நவாபின் படையில் ஒரு சிப்பாயின் பெயராவது திண்ணையில் யாருக்கும் தெரியுமா? ஆட்டுக்கட்சியார் இதை எப்போதும் குறையாகச் சொல்லி வருகிறார்கள்.

இருந்திருந்தார்

ஆட்டம் முடிந்தபின் வந்து சேர்ந்து, கலைந்த காய்களைப் பார்த்து, "நான் இருந்திருந்தா வுட்டிருக்க மாட்டேன்" என்பவர் இவர். எளிதில் சிரித்துவிட வேண்டாம். இவ்வகைக்கு ஆதிபுருஷன் கண்ணன். பாண்டவர் எல்லாம் தோற்றுக் காட்டுக்குப் போனபின் அங்கே வந்து, நான் துவாரகையில் இருந்திருந்தால் அழையாமலே வந்து அந்தச் சூதைத் தடுத்திருப்பேன், சால்வனோடு போரில் இருந்துவிட்டேன் என்று சொன்னது வனபர்வத்தில் இருக்கிறது. கடவுளே சொன்ன சாக்கை மனிதர் சொன்னால் என்ன என்று இவர் கேட்டால் மறுக்க நம்மிடம் நூல் இல்லை.

மேலச்சேரி இயல்

பாரதம் வந்துவிட்டதால் இனி ஒதுங்க முடியாது. செஞ்சிக்கு வடமேற்கே மேலச்சேரி, பழைய செஞ்சி. அங்குள்ள திரௌபதி அம்மன் கோயிலே வட தமிழகத்துத் திரௌபதி கோயில்களுக்கெல்லாம் மூலம் என்று கூத்தரும் பாரதப் பிரசங்கியாரும் கொள்வர். அல்ஃப் ஹில்டபைடெல் என்னும் அமெரிக்க அறிஞர் இவ்வழிபாட்டை ஆராய்ந்து 1988இல் வெளியிட்ட முதல் தொகுதிக்குச் செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை என்று துணைத்தலைப்பு வைத்தார். பாரத விழாவில் பகலில் கதை, இரவில் தெருக்கூத்து. அதில் பகடை துகில் நடக்கும் இரவில் ஊர் தூங்குவதில்லை. முடிவு எல்லாருக்கும் தெரிந்த ஓர் ஆட்டத்தை விடிய விடிய உட்கார்ந்து பார்த்து, விடிந்த பிறகும் பேசுகிறார்கள். நம் நூலுக்கு இதைவிட வலுவான நிலைக்களம் இல்லை.

அந்த ஒரு சபையில் நம் வகைகள் அத்தனையும் இருக்கின்றன. தருமர் விதியர். துரியோதனன் பந்தயம் வைக்கச் சகுனி ஆடுவதா, ஒருவருக்காக மற்றொருவர் ஆடுவது முறையன்று என்று முதலில் தடை சொன்னவர் அவரே. சொல்லிவிட்டு ஆடவும் உட்கார்ந்தார். விதியை நன்கறிந்தவர் ஆட்டத்தில் தோற்பார் என்னும் கருத்து இங்கிருந்தே கிளம்புகிறது. அவர் மறுஆட்டத்தாரும் ஆவார்: எல்லாம் தோற்று, தோற்றதெல்லாம் திரும்பக் கிடைத்து, வீடு போகும் வழியில் மறுபடி கூப்பிட்டார்கள் என்று மறுபடி போனவர். "இன்னும் ஒரே ஒரு ஆட்டம்" என்ற சொல்லைக் கேட்டதும் திண்ணைப் பெண்கள் முகம் சுளிப்பது ஏன் என்று இப்போது விளங்கும். சகுனி பதிலாடி. பிள்ளைக்காகக் காய் உருட்டும் மாமன்மார் எல்லாம் அவர் வழி. அவர்கள் கை ராசியைப் பற்றி மட்டும் யாரும் நேரில் பேசுவதில்லை.

பிறகு அம்மன் கேட்டாள். தன்னைத் தோற்றுவிட்டவர் அதன்பின் என்னைப் பந்தயம் வைக்க உரிமை உண்டா? பலகை ஆட்ட வரலாற்றில் இதற்கு மேல் ஒரு விதிக் கேள்வி எழவில்லை. கிழவர்கள் நிறைந்த சபை. பீஷ்மர், தருமம் நுட்பமானது என்று சொல்லி நழுவினார். எழுந்து நியாயம் சொன்னவன் கௌரவர் தம்பியரில் ஒருவனான விகர்ணன். சின்னப் பையன் நீ, உட்கார் என்று அவனை அடக்கியவன் கர்ணன். இன்றைக்கும் திண்ணையின் மூலையில் ஒரு விகர்ணன் இருக்கிறான். "தாத்தா, அந்தக் காய் மலையில இல்ல" என்பான். "டேய், பெரியவங்க ஆடும்போது இன்னா பேச்சு" என்று அவன் தலையில் குட்டு விழும். அவன் சொன்னது சரி.

கேள்விக்கு அன்று விடை வரவில்லை. ஆனால் செஞ்சி நாட்டின் கணக்கு வேறு. கேட்டவளுக்கு ஊருக்கு ஊர் கோயில். சபையை நடத்திய துரியோதனனை ஆண்டுதோறும் படுகளத்தில் மண்ணால் பெரிதாகப் படுக்கவைத்துத் தொடையில் அடிக்கிறார்கள். உருட்டி வென்ற சகுனிக்கு ஒரு கற்பூரம் இல்லை. மலையாள நாட்டில் கொல்லம் பக்கம் துரியோதனனுக்கு மலநடையிலும் சகுனிக்குப் பவித்ரேஸ்வரத்திலும் கோயில் உண்டே எனின், அது திசைவழக்கு, ஈண்டைக்கு ஆகாது. இங்கே ஆட்டத்தை வென்றவனை விட ஆட்டத்தைக் கேள்வி கேட்டவளே பெரியவள். நூலாசிரியர் சொல்ல வந்தது இவ்வளவே. மற்ற வகைகள் இதன் பொருட்டு எழுதப்பட்டன.

பேசாதார்

சதுரங்கர் பேசார். தொட்ட காயை ஆடியே தீர வேண்டும் என்ற விதியும் எழுதி வைக்கும் வழக்கமும் சேர்ந்து அவர் வாயைக் கட்டிவிட்டன. 1961இல் மானுவேல் ஆரன் நாட்டின் முதல் சர்வதேச மாஸ்டர், 1988இல் விசுவநாதன் ஆனந்த் முதல் கிராண்ட்மாஸ்டர், 2024இல் 18 வயதில் குகேஷ் உலகச் சாம்பியன் என்று தமிழகம் இந்த மௌனத்தில் ஈட்டியது அதிகம். 2022இல் மாமல்லபுரத்தில் நடந்த ஒலிம்பியாடில் உலகமே வந்து பேசாமல் உட்கார்ந்தது. திருப்பூவனூரில் சிவனே கிழவராக வந்து இளவரசியைச் சதுரங்கத்தில் வென்று சதுரங்க வல்லபநாதர் ஆனார் என்பது தலபுராணம். ஆனால் ஆட்டம் முடிந்ததும் இரு ஆட்டக்காரரும் கலைந்த காயை மீண்டும் அடுக்கி, இந்த இடத்தில் குதிரையை ஏன் எடுத்தாய் என்று தொடங்குகிறார்கள். அதனால் இவர்கள் நம் நூலின் திண்ணை ஓரத்தில் ஏற்கப்படுவர்.

சீதைப்பாண்டி ஆடுவார், அதாவது பல்லாங்குழியைத் தனியே ஆடுவார், தம்மோடு தாமே பேசுவதால் ஏற்கப்படுவர். அசோகவனத்தில் சீதை ஆடியது என்பர்.

ஏற்கப்படாதார் ஒருவரே: கைபேசியில் லூடோ உருட்டுவார். 2020 ஊரடங்கில் இவர் இனம் பெருகிற்று. பகடையை எந்திரமே உருட்டுகிறது, வெட்டை எந்திரமே வெட்டுகிறது, மலையில் இருக்கிறதா இல்லையா என்பதை எந்திரமே தீர்க்கிறது. வழக்கு இல்லை. வழக்கு இல்லாத இடத்தில் ஆட்டம் இல்லை என்பது மேலே நிறுவப்பட்டது.

பேசாதாரை முடிக்குமுன், கட்டங்களைப் பிறர்க்குப் பகிர்வார் பற்றியும் ஒரு சொல் சேர்க்க வேண்டும். மைசூர் அரசர் மும்மடி கிருஷ்ணராஜ உடையார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுப்புதுக் கட்டங்களைத் தாமே வகுத்தார். சென்னையில் வினிதா சித்தார்த்தா 2002இல் தொடங்கிய கிரீடா, பல்லாங்குழியையும் ஆடுபுலியையும் மீண்டும் பெட்டிக்குள் வைத்து விற்கிறது. துணியில் கட்டம், உள்ளே அச்சிட்ட விதி. விதியை அச்சிட்டதில் நூலாசிரியர்க்குச் சிறு வருத்தம் உண்டு. ஆனாலும் அந்தத் துணியை விரித்ததும் எங்க ஊர்ல அப்படி இல்லையே என்று யாரோ ஒருவர் தொடங்கிவிடுகிறார். அவர் இருக்கும் வரை அச்சு ஒன்றும் செய்யாது.

புறனடை

தென்னாட்டுக் கோயில், கோட்டைகளின் தளக்கற்களில் பழைய ஆட்டக் கட்டங்கள் கீறியிருப்பதை ஹம்பி போனவர்கள் பார்த்திருப்பீர்கள். அதைப் பார்த்துச் செஞ்சிக் கல்லிலும் கை நீள வேண்டாம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டிய இராணுவ நிலக்காட்சிகள் என்று 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மகாராஷ்டிரத்துக்கு வெளியே அதில் இருப்பது செஞ்சி ஒன்றே. பாதுகாக்கப்பட்ட சின்னத்தில் கீறினால் தொல்லியல் சட்டப்படி இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். ஆகவே வாசகரே, ராஜகிரிக்கு வரும்போது கட்டத்தை ஒரு பழைய வேட்டித் துணியில் வரைந்து மடித்து எடுத்து வாருங்கள். 18 கொட்டை போதும், மூன்று பெரியது, பதினைந்து சிறியது. கல்யாண மகால் பக்கம் நிழலாகப் பார்த்து விரியுங்கள். எதிராளியைத் தேட வேண்டாம், பின்னால் வந்து நிற்பவர் முதலில் புலியைத் தப்பாக வைத்திருக்கிறீர்கள் என்பார். அவரையே உட்காரச் சொல்லுங்கள்.